வெளிச்சம் யார் மேல் விழுகிறது?

தமிழில் பெண்ணையும் விளக்கையும் சேர்த்துச் சொல்லும் பேச்சுக்குக் குறைவே இல்லை. மருமகள் என்றால் 'வீட்டுக்கு விளக்கேற்ற வருகிறவள்'. அடக்கமான பெண் என்றால் 'குத்துவிளக்கு மாதிரி இருக்கா'. பொழுது சாயும் நேரத்துக்கே 'விளக்கு வைக்கிற நேரம்' என்றுதான் பெயர். அந்த நேரத்தில் பெண் தலையை விரித்துப் போடக் கூடாது, படுக்கக் கூடாது, அழக் கூடாது, வாசலைத் தாண்டக் கூடாது. விளக்கை 'அணை' என்று வாயால் சொல்லவும் கூடாது. 'குளிர வை', 'மலையேத்து' என்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை சொல் இருக்கிறது. ஆனால் ஏற்றிய விளக்கின் வெளிச்சம் வீட்டில் யார் மேல் விழ வேண்டும் என்று ஒரு பேச்சும் என் காதில் விழுந்ததில்லை.

நான் டி. கல்லுப்பட்டிக்காரி. பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. ஒளி நேர்கோட்டில் செல்லும், தடுத்தால் நிழல் விழும் என்று வருடா வருடம் கரும்பலகையில் படம் போடுகிறேன். அந்தப் படத்தை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. அதுவரை இரண்டு சிம்னி விளக்கு, ஒரு அரிக்கேன் விளக்கு, அடுப்படிக்கு மருந்துப் பாட்டிலில் திரி போட்ட காடா விளக்கு. இந்த நான்கையும் தயார் செய்வது அப்பத்தாவின் வேலை. மாலை நாலு மணிக்குத் திண்ணைக்குப் பின்பக்கம் உட்காருவாள். கண்ணாடிக் கூண்டுக்குள் கை போகாது. குச்சியில் துணி சுற்றி, சாம்பல் தொட்டு, முந்தைய நாள் கரியைத் துடைப்பாள். திரியின் கருகிய நுனியைக் கத்தரிப்பாள். அது கோணலாக இருந்தால் சுடர் ஒரு பக்கம் நாக்கு நீட்டி மறுபடி கரி பிடிக்கும். பிறகு சீமெண்ணெய் ஊற்ற வேண்டும். ரேஷனில் வாங்கியது மாசம் முழுக்க வர வேண்டும் என்பதால் சிந்தாமல் ஊற்றுவாள். எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் ஆகும்.

முடித்ததும் தீப்பெட்டியை எடுத்து அம்மாவிடம் நீட்டுவாள். ஏற்றுவது அம்மா. ஏனென்றால் அப்பத்தா தாலியறுத்தவள். அம்மாவுக்கு மாதவிலக்கு என்றால் தீப்பெட்டி என் கைக்கு வரும். நான் பெரியவள் ஆனபிறகு அந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகிப்போனது. ஒரு விளக்குக்கு மூன்று பெண்கள். கரி ஒருத்திக்கு, புண்ணியம் ஒருத்திக்கு, ஆள் இல்லாத நாளுக்கு ஒரு சிறுமி. ஏற்றிய அரிக்கேன் விளக்கு நேராகத் திண்ணைக்குப் போகும். அங்கே அப்பாவும் சித்தப்பாவும் உட்கார்ந்திருப்பார்கள். அடுப்படிக்குக் காடா விளக்கு.

சித்தப்பா கல்யாணத்துக்கு ஒரு ஆள் உயரக் குத்துவிளக்கு இரவல் வாங்கி வந்தார்கள். புளியும் சாம்பலும் போட்டு அதைத் தங்கம் மாதிரி தேய்த்தவள் அப்பத்தா. மாப்பிள்ளையைப் பெற்றவள். விளக்கை ஏற்றும் நேரத்தில் அவள் பந்திக்கு இலை எண்ணிக்கொண்டு கொல்லைப்புறத்தில் இருந்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. போக வேண்டும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. "என் கை பட்டுத்தானே பளபளன்னு நிக்கிது, அது போதும்த்தா" என்றாள் என்னிடம். அவள் அதைச் சொன்னபோது எனக்குப் பதினொரு வயது. அது போதாது என்று அப்போதே தோன்றியது.

எங்கள் ஊரில் விளக்கைப் பற்றி நாடே கேட்கும்படி யோசித்த ஒருவர் வாழ்ந்திருக்கிறார். 1940இல் ஜி. வேங்கடாசலபதி இங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தைத் தொடங்கினார். காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை அந்த ஆசிரமத்தில்தான் கழித்தார். 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்கியலும் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் படித்தவர். 1960 ஜனவரி 30, காந்தி இறந்த அதே தேதியில் இறந்தார். அப்பத்தா இளவயதில் நூற்ற நூலைக் கொடுக்க ஆசிரமத்துக்குப் போய் வந்தவள். குமரப்பா பேரைச் சொன்னால் 'படிச்ச பெரிய மனுசன், குடிசையில இருந்தாரு' என்பாள்.

1934 டிசம்பரில் காந்தி அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது அதை நடத்தும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் சங்கம் இயங்கியது. மகன்லால் காந்தியின் நினைவாக வைத்த பெயர் அது. அங்கே உருவான வீட்டுச் சாமான்களுக்கும் அதே பெயர்தான்: புகையில்லா அடுப்புக்கு 'மகன் சூலா', மண்ணெண்ணெய் இல்லாமல் தாவர எண்ணெயில் எரியும் விளக்குக்கு 'மகன் தீபம்'. தமிழில் எழுதும்போது இது வேடிக்கையாகிவிடுகிறது. அடுப்பும் மகன், விளக்கும் மகன். மகளுக்கு என்ன என்று கேட்கத் தோன்றும். அடுப்பை ஊதுகிறவளும் விளக்கைத் துடைக்கிறவளும் மகள்தானே.

குமரப்பாவின் வாதம் எளிமையானது. இயற்கையின் வளங்களை அவர் இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவை தேங்கிக் கிடப்பவை. எடுக்க எடுக்கக் குறையும், குறையக் குறைய அவற்றுக்காகச் சண்டை வரும். மரமும் பயிரும் ஓடிக்கொண்டிருப்பவை; வருடா வருடம் திரும்ப வரும். சீமெண்ணெய் வாங்கினால் கிராமத்துக் காசு கப்பலேறும். ஊரில் விளையும் வித்தை ஊர்ச் செக்கில் ஆட்டி விளக்கு எரித்தால் காசு ஊரிலேயே சுற்றும். எங்கள் பக்கம் புங்கையும் வேம்பும் இலுப்பையும் தாராளம். ஆமணக்கு எண்ணெய்க்குத் தமிழில் பெயரே 'விளக்கெண்ணெய்'. அது விளக்கிலிருந்து விலகிப்போய், குழந்தைகளின் வயிற்றைக் கழுவவும் மந்தமான ஆளைத் திட்டவும் மட்டும் மிஞ்சியதற்குச் சீமெண்ணெய் ஒரு முக்கியக் காரணம்.

இதில் ஓர் அறிவியல் சிக்கல் உண்டு. மண்ணெண்ணெய் நீர்த்த எண்ணெய். திரி வழியாக ஒரு சாண் உயரம்கூட ஏறிவிடும். ஆமணக்கெண்ணெயும் புங்க எண்ணெயும் கொழகொழப்பானவை, அவ்வளவு உயரம் ஏறாது. அகலில் எண்ணெய் சுடரை ஒட்டியே நிற்பதால் தப்பிக்கிறது. அரிக்கேன் விளக்கின் அடித்தொட்டியில் அதை ஊற்றினால் திரிதான் கருகும். தாவர எண்ணெய்க்கு என்று தனியாக ஒரு விளக்கு தேவைப்பட்டது இதனால்தான்.

குமரப்பாவின் பொருளாதாரத்தில் நான் நின்று யோசிக்கும் இடம் இன்னொன்று. 1945இல் சிறையில் இருந்தபடி எழுதிய 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிய நூலில் அவர் பொருளாதார வகைகளை வரிசைப்படுத்துகிறார். ஒட்டுண்ணி, கொள்ளை, உழைத்து உண்பது, கூட்டமாக வாழ்வது என்று போய், உச்சியில் சேவையை வைக்கிறார். அதற்கு அவர் காட்டும் உதாரணம் தாய். குஞ்சுக்கு இரை தேடும் தாய்ப்பறவை. பலன் எதிர்பார்க்காத உழைப்பு. படித்தபோது அப்பத்தாவின் கரி படிந்த விரல்கள்தான் எனக்கு நினைவில் வந்தன. சீமெண்ணெய்க்குப் போகும் காசைக் கணக்கிட்ட மனிதர் அவர். அதைத் துடைக்கப் போகும் முக்கால் மணி நேரத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது? உச்சியில் வைத்து வணங்கிய உழைப்புக்குக் கூலியும் இல்லை, ஓய்வும் இல்லை. தாய்மையைப் பொருளாதாரத்தின் சிகரமாக்குவதும், பெண்ணைக் குத்துவிளக்கு என்று புகழ்வதும் ஒரே கை செய்யும் வேலை. நான் குமரப்பாவைத் தள்ளிவைக்கவில்லை. எண்ணெய்க்காக நடந்த போர்களைப் பார்த்துவிட்டோம். அதில் அவர் சொன்னது பலித்தது. அவர் எழுதத் தொடங்கிய கணக்கில் விட்டுப்போன வரிகளைத்தான் நான் சேர்க்கிறேன்.

விட்டுப்போன வரிகளில் ஒன்றை எழுதவே கை கூசுகிறது. சீமெண்ணெய் விளக்குக்கு மட்டும் வந்த எண்ணெய் அல்ல. எண்பதுகளில் எங்கள் தெருவில் ஒரு அக்கா, கல்யாணம் ஆகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை, 'ஸ்டவ் வெடித்து' இறந்துபோனாள். அந்த வீட்டில் எல்லோரும் சமையலறைக்குப் போய் வருவார்கள். ஸ்டவ் மட்டும் மருமகளைப் பார்த்து வெடித்தது. இந்த மாதிரிச் சாவுகள் நாடெங்கும் நடந்து, பெண்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் 1983இல் 498ஏ பிரிவும், கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் நடக்கும் வரதட்சணைச் சாவைத் தனிக் குற்றமாக்கும் 304பி பிரிவு 1986இலும் வந்தன. அவள் இறந்த பிறகு அம்மா, சீமெண்ணெய் டின்னை அடுப்படியிலிருந்து எடுத்துத் திண்ணைக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

இனி கொஞ்சம் தூரம் போவோம். என் அண்ணன் மகள் கட்டடக்கலை படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது ஒரு தடித்த படப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். டென்மார்க் நாட்டு விளக்குகள். அடுக்கடுக்கான தகட்டுத் தட்டுகள், காகிதத்தில் மடித்த கூடுகள். "இதுல ஒண்ணு வாங்க எத்தனை ஆகும்?" என்று கேட்டேன். "பல பத்தாயிரம் அத்தை" என்றாள். மூடி வைக்கப் போனேன். "விலையைப் பாக்காதீங்க, யோசனையைப் பாருங்க" என்றாள்.

அந்த யோசனைக்குச் சொந்தக்காரர் போல் ஹென்னிங்சென், 1894இல் பிறந்தவர். அவர் தாய் ஆக்னஸ் ஹென்னிங்சென் ஓர் எழுத்தாளர். பெண்ணின் விருப்பத்தையும் விடுதலையையும் மறைக்காமல் எழுதி, ஊர் வாயில் விழுந்தவர். மணவாழ்க்கைக்கு வெளியே பிறந்த இந்த மகன், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்தான். பிறகு வீடுகளுக்கு மின்சார பல்பு வந்தது. வெறும் பல்பு கண்ணைக் குத்தியது. அறை முழுக்க வெள்ளை அடித்த மாதிரி ஆனது. பழைய விளக்கின் இதத்தை மின்சாரத்தில் கொண்டுவர முடியாதா என்று யோசித்து, 1920களில் லூயி போல்சன் நிறுவனத்தோடு சேர்ந்து மூன்று தட்டு விளக்கைச் செய்தார். எங்கே இருந்து பார்த்தாலும் பல்பு கண்ணில் படாது. வெளிச்சம் தட்டுகளில் பட்டுத் திரும்பி, வேண்டிய இடத்தில் விழும். 1958இல் வந்த பி.எச். 5 என்ற விளக்கு இன்றும் விற்கிறது. பெரிய தட்டின் விட்டம் 50 சென்டிமீட்டர் என்பதால் அந்த 5. பல்பு கம்பெனிகள் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருந்ததால், எந்த பல்பை மாட்டினாலும் கண் கூசாதபடி அதை அமைத்தார். உள்ளே சிறிதளவு சிவப்பும் நீலமும் பூசி வெளிச்சத்தின் நிறத்தைப் பதப்படுத்தினார். அதைக் கூரையில் ஒட்டி மாட்டுவதில்லை. சாப்பாட்டு மேசைக்கு மேலே, உட்கார்ந்திருப்பவர் முகத்தை மறைக்காத அளவுக்குத் தாழ்வாகத் தொங்கவிடுகிறார்கள்.

1958இல் குமரப்பா எங்கள் ஊர்க் குடிசையில் இருந்தார். அதே வருடம் கோபன்ஹேகனில் இந்த விளக்கு வந்தது. ஒருவர் விளக்குக்குள் ஊற்றும் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். இன்னொருவர் விளக்கிலிருந்து வெளியே போகும் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று கேட்டார். எனக்கு இரண்டு கேள்வியும் வேண்டும். கூடவே மூன்றாவது ஒன்று: அந்த விளக்கைச் செய்வதும் துடைப்பதும் யார்?

அந்த மூன்றாவது கேள்விக்கும் அதே புத்தகத்தில் ஒரு பதில் இருந்தது. டென்மார்க்கின் லே கிளிண்ட் விளக்குகள் காகிதத்தையும் பிளாஸ்டிக் தாளையும் கையால் மடித்துச் செய்யும் கூடுகள். 1900ஐ ஒட்டி, யென்சென் கிளிண்ட் என்ற கட்டடக் கலைஞர் தன் மண்ணெண்ணெய் விளக்குக்காக மடித்துப் பார்த்ததில் தொடங்கியது. 1943இல் அது கம்பெனியானது. வடிவமைப்பாளர் பெயர்களாக நாம் படிப்பதில் மிகுதி ஆண்கள். ஓடென்ஸ நகரப் பட்டறையில் அந்த மடிப்புகளைப் போடுவது பெரும்பாலும் பெண்களின் கைகள். அந்தக் கை வர வருடக்கணக்கில் பழக வேண்டும். படத்தைப் பார்த்ததும் எனக்குத் தெற்கே சாத்தூர், சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஒட்டிய பெண்கள் ஞாபகம் வந்தது. விடிவதற்கு முன்னே பஸ் ஏறிப் போன சிறுமிகள் செய்த தீக்குச்சியில்தான் நாங்களெல்லாம் விளக்கு ஏற்றினோம். பெட்டியின் மேல் அவர்கள் பெயர் இல்லை. கிளியும் சிங்கமும் இருந்தன.

எங்கள் ஊர்களில் மின்சாரம் ஆளுக்கு முன்னால் திண்ணைக்கும் கூடத்துக்கும்தான் வந்தது. குடிசைகளுக்கு இலவசமாக ஒரு விளக்கு என்று அரசு இணைப்புக் கொடுத்தது. 40 வாட் பல்பு ஒன்று. நல்ல திட்டம், எத்தனையோ பிள்ளைகள் அதில் படித்தார்கள். ஆனால் ஒரே ஒரு பல்பு என்றால் எங்கே மாட்டுவது? நான் பார்த்த வீடுகளில் அது வாசலைப் பார்த்து எரிந்தது. அடுப்பு பின்னால் இருட்டில் எரிந்தது.

கட்டிக்கொடுத்த வீட்டில் பல்புக்குப் பஞ்சமில்லை. மச்சு வீடு, சமையல்மேடை, எல்லாம் உண்டு. சமையலறையின் நடுவில், ஒன்பதடி உயரத்தில் ஒரு பல்பு. மேடை சுவரை ஒட்டி. மேடைக்கு முன்னால் நின்றால் பல்பு என் முதுகுக்குப் பின்னால். ஒளி நேர்கோட்டில் செல்லும், தடுத்தால் நிழல் விழும். தடுப்பது நான். பதினாறு வருடம் என் நிழலுக்குள்ளேயே வெங்காயம் நறுக்கினேன், என் நிழலுக்குள்ளேயே அரிசியில் கல் பொறுக்கினேன், பால் பொங்குவதைக் கண்ணால் பார்க்காமல் காதால் கேட்டேன். மேடைக்கு மேலே, பரணுக்கு அடியில் ஒரு லைட் வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் வந்த பதில்: "ஒரு லைட் எரியுதுல்ல?"

அந்தப் பதிலில் கஞ்சத்தனம் இல்லை. அதே வீட்டில் தொலைக்காட்சிக்குப் பின்னால் நீல நிற அலங்கார விளக்கு எரிந்தது. அந்த மேடை முன்னால் நிற்காதவர்களுக்கு அந்த நிழல் தெரியாது. அவ்வளவுதான். அறைக்கு நடுவில் நின்று பார்க்கிறவருக்குச் சமையலறை வெளிச்சமாகத்தான் இருக்கும்.

போன வருடம் கூடத்தில் ஏதோ வேலைக்கு எலக்ட்ரீசியன் வந்தார். பரணுக்கு அடியில் ஒரு பாயிண்ட் போடச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "போடலாமா சார்?" என்றார். நான் பாடம் எடுக்கும் குரலில் சொன்னேன்: "தம்பி, விளக்குக்கும் மேடைக்கும் உள்ள தூரம் பாதியானா வெளிச்சம் நாலு மடங்கு. இது என் சம்பளம். இங்க போடுங்க, சுவிட்ச் என் கைக்கு எட்டுற உயரத்துல." சில நூறு ரூபாயில் ஒரு சின்ன எல்.ஈ.டி. பட்டி. முன்பக்கம் ஒரு தகட்டை மடித்து அடித்தோம், கண்ணில் குத்தாமல் இருக்க. அதுதான் எங்கள் வீட்டு ஹென்னிங்சென்.

அன்று சாயங்காலம் அத்தை, என் மாமியார், உள்ளே வந்தார். எழுபத்தாறு வயது. முறத்தை எடுத்து அந்த வெளிச்சத்துக்கு அடியில் வைத்து உளுந்தைப் புரட்டிப் பார்த்தார். "இம்புட்டுக் கல்லா கெடந்துச்சு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் வந்த புதுசுல இப்பிடி ஒண்ணு இருந்திருந்தா, உங்க மாமாகிட்ட எத்தனை பேச்சு மிச்சமாயிருக்கும்" என்றார். கல் கடித்த சோற்றுக்காக அவர் வாங்கிய பேச்சு அத்தனை வருடத்தில் எத்தனை என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

இப்போது வகுப்பில் ஒளிப் பாடம் முடிந்ததும் ஒரு வேலை கொடுக்கிறேன். உங்கள் வீட்டைத் தரைப்படமாக வரையுங்கள். பல்பு இருக்கும் இடத்தில் புள்ளி வையுங்கள். விளக்கு வைத்த பிறகு வீட்டில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று குறியுங்கள். நிழலை மைதீட்டுங்கள். பையன்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு அவர்கள் படத்திலும் மை தீட்டிய இடத்தில் பெரும்பாலும் அம்மாதான் நிற்பாள்.

இந்த வருடம் ஒரு பெண் கொண்டுவந்த படத்தில் வீட்டுக்குள் எங்கும் நிழல் இல்லை. நன்றாக இருக்கிறதே என்றேன். அவள் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் கொல்லை. பாத்திரம் கழுவும் கல், தண்ணீர்த் தொட்டி, ஓரத்தில் கக்கூஸ். முழுக்கக் கறுப்பாகத் தீட்டியிருந்தாள். "இங்க லைட்டே இல்ல டீச்சர். அம்மா ராத்திரி பாத்திரம் கழுவுறப்ப நான் செல்போன் டார்ச்ச பிடிச்சிக்கிட்டு நிப்பேன். தம்பி பிடிக்க மாட்டான்." மதிப்பெண் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். "இதை அப்பாகிட்டக் காட்டு, தம்பிகிட்டயும் காட்டு. காட்டிட்டு என்ன சொன்னாங்கன்னு எழுதிட்டு வா" என்றேன். தாள் இன்னும் திரும்பி வரவில்லை. நாளைக்கு அவளிடம் கேட்க வேண்டும்.